ஹெச். பைலோரிக்கு மாத்திரையா, அதிமதுரமா, மஞ்சளா?

என்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் ‘ஹெச். பைலோரி பாசிட்டிவ்’, அதாவது அல்சர் உண்டாக்குகிற பாக்டீரியா இரைப்பையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தால் போதும், நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் உடனே இரண்டு கட்சி ஆகிவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை இன்றைக்கே ஆரம்பி என்று ஒரு கட்சி. இவ்வளவு ஆன்டிபயாட்டிக்கை உள்ளே தள்ளினால் இருக்கிற வயிறும் போய்விடும், டவுணுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கிட்டு வா என்று இன்னொரு கட்சி. எங்கள் வீட்டில் மைனிக்கு இது வந்தபோது இரண்டு பக்கமும் பேசியவர்கள் அக்கறையோடுதான் பேசினார்கள். எது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அதனால் கிடைத்த ஆய்வுகளை உட்கார்ந்து படித்தேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் இதே கேள்வியோடு யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருமியை ஒழிக்க மாத்திரைதான். செடிகொடி மருந்துகளில் ஒன்றிரண்டுக்கு உண்மையாகவே சக்தி இருக்கிறது, அவற்றை மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளலாம், மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில் அவற்றை வைக்க முடியாது. அப்புறம், எந்த வழியில் போனாலும் கிருமி போய்விட்டதா என்று கடைசியில் ஒரு டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் இரண்டு கட்சிக்காரர்களும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கிருமி எங்கே எப்படிக் குடியிருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். இரைப்பையின் அமிலத்தில் எந்தப் பாக்டீரியாவும் பிழைக்காது என்றுதான் ரொம்ப காலம் நம்பியிருந்தார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அல்சருக்கு இதுதான் காரணம் என்றபோது பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. கிருமி இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் வருவதில்லை என்பதும் உண்மைதான், பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் புண் வந்த பிறகு, அல்லது வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தால், இதைச் சும்மா விட்டுவைப்பது சரியில்லை.

மைனியின் இரைப்பையிலிருந்து எடுத்த சின்னத் துணுக்கை யூரியா கலந்த ஒரு மஞ்சள் நிற ஜெல்லுக்குள் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் துணுக்கைச் சுற்றி ரோஸ் நிறம் கசிய ஆரம்பித்து, பிறகு ஜெல் முழுக்க அடர்ந்த ரோஸாகிவிட்டது. கிருமி யூரியேஸ் என்று ஒரு நொதியைச் சுரக்கிறது. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது, அம்மோனியா தன்னைச் சுற்றியிருக்கிற அமிலத்தை முறிக்கிறது. ஜெல்லின் நிறம் மாறியது அதனால்தான். அமிலத்தை முறித்துக்கொண்டே அது நீந்திப்போய் இரைப்பைச் சுவரை மூடியிருக்கிற கோழைப் படலத்துக்கு அடியில் ஒட்டிக்கொள்கிறது. நாம் குடிக்கிற கஷாயம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும், கோழைக்கு அடியில் இருக்கிற கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்ற செடி மனுஷ வயிற்றில் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுதான். மஞ்சள், பூண்டு, இஞ்சி, கிராம்பு, பட்டை எல்லாமே தட்டில் இந்தக் கிருமியைக் கொல்லும். வாட்ஸ்அப்பில் ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்று வருவதில் பாதி இந்தத் தட்டுச் சோதனைதான். படிக்கும்போது ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: மனுஷருக்குக் கொடுத்துப் பார்த்தார்களா, கொடுத்து முடித்த பிறகு கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்தார்களா?

முதலில் மாத்திரை. ரொம்ப நாளாகக் கொடுத்துவந்தது மூன்று மருந்துக் கூட்டு: அமிலத்தைக் குறைக்க ஒன்று, கூடவே கிளாரித்ரோமைசின், அமாக்ஸிசிலின் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக். கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமி பல ஊர்களில் பெருகிவிட்டது. ஒரு பகுதியில் அப்படிப்பட்டது நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொடுக்காதே என்பது சர்வதேச வழிகாட்டுதல். அதனால் இப்போது பிஸ்மத் என்ற உலோக உப்பு சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டைத்தான் முதலில் கொடுக்கச் சொல்கிறார்கள்: அமிலம் குறைக்கிற மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், பதினான்கு நாள். மெட்ரோனிடசோலுக்கு அடங்காத கிருமிதான் நம் நாட்டில் அதிகம். வயிற்றுப்போக்கு என்றாலே அந்த மாத்திரையை நாமாக வாங்கிப் போட்டுக்கொண்ட பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் பிஸ்மத்தோடு சேர்த்து, போதிய அளவில், முழுப் பதினான்கு நாளும் கொடுத்தால் அந்தத் தடையை ஓரளவு தாண்டிவிட முடிகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குக் கிருமி போய்விடும். கீழே வரும் எந்தச் செடியும் தனியாக இந்த எண்ணிக்கைக்குக் கிட்ட வரவில்லை.

கஷ்டமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வாயில் இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி, குமட்டல், வயிறு இளகுவது, சோறு இறங்காது. பிஸ்மத்தால் மலம் கறுப்பாகப் போகும், நாக்கும் கறுத்துவிடும். மைனி ஒரு நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “தம்பி, நாக்கெல்லாம் கறுத்துட்டே, இது எதுக்கு?” என்று பதறிப்போய்க் கேட்டார்கள். மருந்து எழுதிக் கொடுக்கும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. (தாரைப் போல் பிசுபிசுப்பாகக் கறுத்துப் போய், கூடவே தலைசுற்றலும் இருந்தால் அது வேறு, ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.) டெட்ராசைக்ளினைப் பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. மெட்ரோனிடசோல் போடுகிற நாட்களில் மது கூடாது. கிளாரித்ரோமைசின் இருந்தால், கொழுப்புக்கு மாத்திரை போடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு தொல்லை இருப்பதால்தான் பலர் ஆறாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் இருக்கிறதிலேயே மோசமான வழி. கிருமியும் போகாது, மிச்சமிருக்கிறது அந்த மருந்துக்குப் பழகியும்விடும்.

‘இதெல்லாம் கெமிக்கல், அதெல்லாம் இயற்கை’ என்பார்கள். கிளாரித்ரோமைசினுக்கு மூலமான எரித்ரோமைசின் பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து வந்தது. டெட்ராசைக்ளின் வகையும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தந்ததுதான். பூஞ்சையிலிருந்து வந்த பென்சிலினின் உறவுதான் அமாக்ஸிசிலின். எதிலிருந்து வந்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி அதிமதுரம். செடிகளில் எனக்கு நம்பிக்கை தந்தது இதுதான். டவுண் ரதவீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் போய் நின்றால் அண்ணாச்சி முதலில், “சளிக்கா, வயித்துக்கா?” என்றுதான் கேட்பார். வயிற்றுப் புண்ணுக்கு இது நம் வைத்தியத்தில் அவ்வளவு காலமாக இருக்கிறது. வெளியே பழுப்பு, வெட்டினால் உள்ளே மஞ்சள், நாக்கில் வைத்தால் இனிப்பு நிற்கும். அந்த இனிப்பு கிளிசிரைசின் என்ற பொருள். கிருமியை எதிர்க்கிறது பெரும்பாலும் வேறு பொருட்கள், கிளாப்ரிடின் போன்ற ஃபிளேவனாய்டுகள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவிலேயே செய்தது, ஃபிளேவனாய்டு மிகுந்த அதிமதுரச் சாற்றை நாளுக்கு 150 மில்லிகிராம் வீதம் 60 நாள் கொடுத்தார்கள். சாற்றைச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு டெஸ்டில் கிருமி தெரியவில்லை, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் அப்படி. ஒரு செடிச்சாறு தனியாக நின்று பாதிப்பேருக்கு வேலை செய்வது சின்ன விஷயம் இல்லை, இதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் ஆய்வு நூறு பேர் அளவிலான சிறிய ஒன்று, மீதிப் பாதிப்பேருக்குப் போகவில்லை, பதினான்கு நாள் 60 நாளாகிறது.

இன்னொன்று முக்கியம். ஆய்வில் கொடுத்தது அளந்து எடுத்த சாறு. நாம் வீட்டில் கட்டையைத் தட்டிக் கொதிக்கவைத்தால் வருவது வேறு, அதில் கிளிசிரைசின் நிறைய இறங்கும். அது உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தங்கவைக்கும், பொட்டாசியத்தை இறக்கும், பிபி ஏறும். 1960களில் பிரிட்டனில் அதிமதுரத்திலிருந்து கார்பெனாக்ஸலோன் என்று ஒரு மருந்து செய்து அல்சருக்குக் கொடுத்தார்கள், புண் ஆறியது. ஆனால் கால் வீக்கமும் பிபியும் பொட்டாசியக் குறைவும் வந்ததால், நல்ல மருந்துகள் வந்ததும் அதை ஓரம் கட்டிவிட்டார்கள். மைனி ஏற்கெனவே பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். எங்கள் வீட்டில் அதிமதுரப் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பிபி, இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரக் கஷாயத்தைத் தினசரி வழக்கமாக்கக் கூடாது. கிளிசிரைசின் நீக்கிய வடிவங்கள் கிடைக்கின்றன, எடுக்கிறதானால் அதைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

மஞ்சள் என்றால் நமக்கு ஒரு தனிப் பாசம். ஆனால் இந்தக் கிருமி விஷயத்தில் அது கைகொடுக்கவில்லை. தாய்லாந்தில் ஒரு சிறிய ஆய்வில் ஒரு குழுவுக்கு மூன்று மருந்துக் கூட்டும் இன்னொரு குழுவுக்கு மஞ்சளும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குக் கிருமி போனது. மஞ்சள் சாப்பிட்டவர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். இத்தாலியில் 25 பேருக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமல், மஞ்சளில் இருக்கிற குர்குமினோடு வேறு சில பொருட்களும் சேர்த்து ஒரு வாரம் கொடுத்தபோது 3 பேருக்குப் போனது. அந்த 25 பேரிடம் கவனிக்க வேண்டியது, வயிற்று எரிச்சலும் வலியும் பெரும்பாலோருக்கு நன்றாகக் குறைந்திருந்தன. மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு. 2023இல் தாய்லாந்தில் வந்த இன்னோர் ஆய்வில், புண் எதுவும் இல்லாமல் அஜீரணத்தால் தவிப்பவர்களுக்குக் குர்குமின், அமிலம் குறைக்கிற மாத்திரையான ஒமிப்ரசோலுக்கு இணையாக ஆறுதல் தந்தது. ஆக, வலி போய்விட்டது, அதனால் கிருமியும் போய்விட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் ஆள் ஏமாந்துபோகிறான். எனக்குத் தெரிந்த பலர் ‘மஞ்சளில் சரியாயிட்டு’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அவர்களில் யாரும் பிறகு டெஸ்ட் எடுத்துப் பார்க்கவில்லை.

பூண்டு. நம் உளுந்தஞ்சோற்றில் முழுப் பல்லாக வேகிற பூண்டு ருசிக்கு நல்லது, கிருமிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பல்லை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் கிருமியை எதிர்க்கிற அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது, சூட்டில் அந்த நொதி செத்துவிடும். சரி, பச்சையாகத் தின்றால்? அமெரிக்காவில் 1999இல் வெளியான ஒரு சோதனையில் கிருமி உள்ள சிலருக்கு உணவோடு பத்துப் பல் பச்சைப் பூண்டை நறுக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள், இன்னொரு நாள் ஹாலபீனோ மிளகாய், இன்னொரு நாள் பிஸ்மத். மூச்சுப் பரிசோதனையில் கிருமியைக் குறைத்துக் காட்டியது பிஸ்மத் மட்டும்தான். சீனாவில் ஷாண்டாங் மாகாணத்தில் 1995இல் தொடங்கி 22 ஆண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது, மூவாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு பிரிவினருக்கு இரண்டே வாரம் ஆன்டிபயாட்டிக், இன்னொரு பிரிவினருக்கு ஏழு வருஷத்துக்கு மேல் பூண்டுச் சத்து மாத்திரை. இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டவர்களுக்கு இரைப்பைப் புற்று வருவது அத்தனை வருஷம் கழித்தும் குறைவாக இருந்தது. பூண்டு எடுத்தவர்களில் இரைப்பைப் புற்றால் இறப்பது குறைந்தது, அது நல்ல சேதிதான். கிருமியைத் துரத்தியது ஆன்டிபயாட்டிக். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் பூண்டு மாத்திரை பக்கம் போக வேண்டாம்.

கருஞ்சீரகம் அதிமதுரத்துக்கு அடுத்தபடி. சவுதி அரேபியாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 88 பேரைப் பிரித்து, சிலருக்கு மூன்று மருந்துக் கூட்டும் சிலருக்கு ஒமிப்ரசோலோடு கருஞ்சீரகத் தூளும் கொடுத்தார்கள். மாத்திரையில் நூற்றுக்கு 83 பேர் அளவில் குணம், நாளுக்கு 2 கிராம் கருஞ்சீரகத்தில் 67 பேர் அளவில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1 கிராமிலும் 3 கிராமிலும் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. அளவைக் கூட்டினால் பலன் குறைகிறது என்றால், குழு சின்னதாக இருந்ததால் தற்செயலாக வந்த எண்ணோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்க வேண்டிய ஒன்று.

மற்றதெல்லாம் சுருக்கமாக. புரோக்கோலி முளையை ஜப்பானில் நாளுக்கு 70 கிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்தார்கள், கிருமியின் அளவு குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப ஏறிவிட்டது. முட்டைக்கோஸ் சாறு அல்சருக்கு நல்லது என்று அமெரிக்காவில் 1949இலேயே எழுதினார்கள், அது இந்தக் கிருமி பற்றித் தெரிவதற்கு முந்தைய காலம். மரமஞ்சளில் இருக்கிற பெர்பெரினைச் சீனாவில் நான்கு மருந்துக் கூட்டில் பிஸ்மத்துக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட சமமாக வந்தது. ஆனால் ஆன்டிபயாட்டிக் இரண்டும் கூடவே இருந்தன, அதை மறந்துவிட்டு ‘மரமஞ்சள் ஆன்டிபயாட்டிக்குக்குச் சமம்’ என்று பரப்பக் கூடாது. மிளகுதக்காளிக் கீரையும் பிரண்டைத் துவையலும் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், வயிற்றுக்கு இதம், கிருமிக்கு மருந்து என்று எண்ண வேண்டாம்.

அப்போது யார் எந்தப் பக்கம் போகலாம்? புண் இருக்கிறவர், ரத்தம் கசிந்தவர், வீட்டில் இரைப்பைப் புற்று வந்தவர், மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவர், இவர்கள் யோசிக்கவே வேண்டாம், மாத்திரைதான். உடம்பு இளைக்கிறது, விழுங்கக் கஷ்டம், வாந்தியில் ரத்தம் என்றால் கஷாயத்தில் ஒரு வாரம்கூடப் போக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆண்களுக்கு வருகிற முக்கியமான புற்றுகளில் இரைப்பைப் புற்றும் ஒன்று, அதை நினைவில் வையுங்கள். பெரிய தொந்தரவு இல்லை, தற்செயலாகத் தெரிந்தது, இப்போது உடம்பு பதினான்கு நாள் மருந்தைத் தாங்காது என்கிறவர் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இரண்டு சுற்று மாத்திரையிலும் போகாதவர்களும் பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களும் இரைப்பை குடல் நிபுணரைத்தான் பார்க்க வேண்டும், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்று மனது சொன்னால், கடையில் கேட்டு வாங்கிக் கொதிக்கவைக்காமல், அதே பாளையங்கோட்டையில் 1964இலிருந்து இருக்கிற அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போய், என்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலையும் காட்டிப் படித்த வைத்தியரிடம் கேளுங்கள். இரண்டு மருத்துவரிடமும் எதையும் மறைக்காதீர்கள்.

மைனி நான்கு மருந்துக் கூட்டைத்தான் எடுத்தார்கள். எந்த வேளைக்கு எது என்று அண்ணன் ஒரு அட்டையில் எழுதி அடுப்படி அலமாரியில் ஒட்டிவைத்தான். மோர் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளித்தான். குழம்பில் மஞ்சளும் பூண்டும் எப்போதும் போல.

பிறகு டெஸ்ட். மாத்திரை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து எடுக்க வேண்டும், அமிலம் குறைக்கிற மாத்திரையை டெஸ்டுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் ஆன்டிஜன் பரிசோதனை, இரண்டில் ஒன்று போதும். ரத்தப் பரிசோதனை வேண்டாம், கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில் பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதிமதுரமோ கருஞ்சீரகமோ மட்டும் எடுத்தவர்களுக்கும் இதே டெஸ்ட்தான், அவர்களுக்கு இது இன்னும் அவசியம். மைனிக்கு நெகட்டிவ் வந்தது. உங்களுக்குத் திரும்பவும் பாசிட்டிவ் வந்தால் அதே மாத்திரைச் சீட்டை மறுபடி மருந்துக் கடையில் நீட்டாதீர்கள். ஒரு தடவை தோற்ற கிளாரித்ரோமைசினை இரண்டாம் சுற்றில் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் முதல் சுற்றில் என்னென்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று எழுதிவைத்து, அந்தக் காகிதத்தோடு டாக்டரிடம் போங்கள்.